கழலத் தைத்த கால்பிடி

என் மனைவிக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. "பரவாயில்லை" என்பதுதான் அது. அவள் தைத்துக் கொடுத்ததை வாங்கிப் பார்த்துவிட்டு யாராவது அப்படிச் சொன்னால், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வாள். "பரவாயில்லைன்னா என்ன அர்த்தம்? பிடிச்சு இழுங்க. தனியா முடியலைன்னா ரெண்டு பேர் சேர்ந்து இழுங்க" என்பாள். வந்தவர் இழுத்துத் தோற்று, நன்றாகவே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் விடுவாள். படகுத்துறையில் அவளுக்கு இரட்டைத்தையல் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான். வீட்டில் மட்டும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

நான் ஏரியில் படகு ஓட்டுகிறவன். மீன்பிடிப் படகோ பயணிகள் படகோ இல்லை, நீர்ச்சறுக்குப் படகு. விளையாட வருகிறவர்கள் காலில் நீளமான சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, கயிற்றின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருப்பார்கள். நான் வேகத்தைக் கூட்டினால் எழுந்து நின்று தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வருவார்கள். எழத் தெரியாதவர்கள் ஏரியைக் குடிப்பார்கள். இரண்டும் எங்கள் துறையில் அன்றாடம் நடப்பவை.

அந்தக் கட்டையில் காலை நுழைக்கிற ரப்பர்ப் பகுதியைப் பைண்டிங் என்பார்கள். எங்களுக்கு அது கால்பிடி. பாதத்தின்மேல் ஒரு ரப்பர், குதிகாலைக் கவ்வுகிற ரப்பர் ஒன்று, இரண்டையும் கட்டையோடு அழுத்தி வைக்கத் தகடுகள், தகடுகளுக்குத் திருகாணிகள், அவ்வளவுதான். காரியம் ஆக வேண்டுமென்றால் காலைப் பிடி என்று உலகம் சொல்கிறது. எங்கள் தொழிலில் அந்த வேலைக்கு ரப்பரை வைத்திருக்கிறோம்.

இவள் முதலில் துறைக்கு வந்தது படகுக்கு உறை தைக்க. அதற்கு முன் தார்ப்பாய் ஆலையில் வேலை பார்த்தாள். லாரிகளை மூடுகிற தார்ப்பாய், கூடாரத் துணி எல்லாம் அங்கே தைப்பார்கள். மேற்பார்வையாளர் ஒவ்வொரு தையலையும் முழங்காலில் வைத்து இழுத்துப் பார்ப்பாராம். பிரிந்துவிட்டால் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து மறுபடி தைக்க வேண்டும். இவள் தைத்தது ஒரு தடவைகூடப் பிரிந்ததில்லை. இதைக் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அளவெடுக்க வந்தவள் படகுக்குள் இறங்க மாட்டேன் என்று நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

"ஏன், என்ன ஆச்சு?" என்றேன்.

"அசையுதே."

"தண்ணியில நின்னா அசையத்தானே செய்யும்?"

"அசையாம இருக்கச் சொல்லுங்க, வர்றேன்."

படகைக் கரைக்கு இழுத்து, முட்டுக் கொடுத்து நிறுத்திய பிறகுதான் நாடாவை எடுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அப்படியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவள் மாறவில்லை. ஏரிக்கரையில் வேலை பார்த்தாள், ஏரியோடு பேச்சுவார்த்தை இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர் அவள்மேல் பட்டது எங்கள் வீட்டுக் குளியலறையில் மட்டும்தான்.

கொட்டகைக்குப் பின்னால் கிழிந்த கால்பிடிகள் குவிந்து கிடந்தன. ஒருநாள் டீ டம்ளரோடு அங்கே போய் நின்றவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இதெல்லாம் ஏங்க கிழியுது?"

"பழசானா கிழியும்."

"கிழியறது எல்லாம் ஒரே இடத்துல கிழிஞ்சிருக்கு. பழசானா அங்கங்க இல்ல கிழியணும்?"

பார்த்தேன். உண்மைதான். குதிகால் ரப்பரின் மேல்விளிம்பு, நடுவில். நான் அத்தனை வருஷம் அந்தக் குவியலைத் தாண்டி நடந்தவன். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அடுத்த சில நாட்கள் படகு மேடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் செய்கிற அநியாயமெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. உலர்ந்த காலை உலர்ந்த ரப்பருக்குள் திணிப்பார்கள். போகாது. உடனே குதிகால் விளிம்பில் நகத்தைக் கொடுத்து, கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுக்கிற மாதிரி இழுப்பார்கள். விளையாடி முடித்ததும் கட்டையைச் சிமெண்டுச் சரிவில் கொளுத்துகிற வெயிலில் போட்டுவிட்டுப் போவார்கள். ரப்பர் வெந்து, விறைத்து, கொஞ்ச நாளில் வெடிப்பு விடும். ஒருவர் சுலபமாக நுழையட்டும் என்று எஞ்சின் கிரீஸைத் தடவிவிட்டு என்னிடம் பெருமையாகக் காட்டினார். என் மனைவி காட்டிய முகத்தில் அவர் அதைத் துடைத்து, கழுவி, தன் கையையும் கழுவிக்கொண்டார்.

"எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிடும் சார். அப்புறம் பிசுபிசுன்னு ஆயிடும். வழுக்கணும்னா சோப்புத் தண்ணி போடுங்க" என்றாள்.

அதோடு துறையில் சட்டம் மாறிவிட்டது. மேடையில் சோப்புத் தண்ணீர்ப் புட்டி வந்தது. காலை நனைத்து, ரப்பரை நனைத்து, குதிகால் ரப்பரை அடியோடு சேர்த்துப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். ஏரியிலிருந்து வந்த கட்டைக்குக் குழாயடியில் குளியல். அதிலே மணல் ஒட்டியிருந்தால் கொண்டுவந்தவருக்கும் குளியல், அவள் வாயால். பிறகு கொட்டகை நிழலில் கட்டியிருந்த கயிற்றில் தொங்கி உலரும். காலையில் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்ப்பாள். துறையின் முதலாளிகூடத் தன் கட்டையைக் காரின் டிக்கியில் அடைத்து வெயிலில் நிறுத்தியதற்கு எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதுபோல, "அதைத்தான் நானும் சொல்லிட்டிருந்தேன்" என்று அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

நான் ஒருநாள் கிண்டலாக, "திருகாணிக்குத் தினமும் ஆராதனையா?" என்று கேட்டேன்.

"கட்டையில மறை கழண்டா நான் முடுக்கிடுவேன். உங்களுக்குக் கழண்டா யார்கிட்ட கூட்டிட்டுப் போறது?" என்றாள் தலை நிமிராமல்.

அப்புறம் குவியலுக்கு வந்தாள். கிழிசலின் வால் முடிகிற இடத்தில் முதலில் ஒரு சின்ன வட்டத் துளை போடுவாள். ஓடி வருகிற கிழிசல் அந்த வட்டத்தில் சிக்கி நின்றுவிடும், தார்ப்பாய் ஆலையில் கற்றது. பிறகு இரண்டு பக்கமும் உப்புத்தாள் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, துடைத்து, பசையை மெல்லிசாகப் பூசிக் காத்திருப்பாள். விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து இழுக்கிற பதம் வர வேண்டும். அதற்கு முன்னால் யாராவது அவசரப்படுத்தினால் அன்றைக்கு அவருக்கு டீ கிடையாது. பதம் வந்ததும் ஒட்டுத்துண்டை வைத்து அழுத்தி, மேலே பழைய நங்கூரத்தை ஏற்றி விட்டுவிடுவாள். குவியல் கரைந்தது. முதலாளி புதுக் கால்பிடி வாங்குவதையே விட்டுவிட்டார்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளை வாத்து என்போம். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், எங்கள் துறையிலேயே சறுக்கப் பழக்குகிற ஆசிரியை. தரையில் நடந்தால் மேசைக்கால், கதவு, நான் என்று எல்லாவற்றிலும் இடித்துக்கொள்வாள். தண்ணீர்மேல் அவளைப் பார்க்க வேண்டும். படகை நான் எப்படித் திருப்பினாலும் அவள் சறுக்கி வருகிற கோடு கோணாது. அவளும் என் மனைவியும் சேர்ந்துவிட்டால் வீட்டில் நான்தான் எதிர்க்கட்சி. நாத்தனார் சண்டை எங்கள் வீட்டிலும் உண்டு. இருவரும் ஒரே பக்கம் நின்று என்னோடு போடுவார்கள்.

அந்த வாத்தின் வலதுகால் கட்டையில் குதிகால் ரப்பர் கிழிந்தது. அவள் சொந்தக் கட்டை அது, காலுக்குப் பழகியது. என் மனைவி அதைக் கையில் வாங்கியபோதே முகத்தில் ஒரு தீர்மானம் தெரிந்தது.

"எவன் எவன் காலுக்கோ ஒட்டுப் போடறேன். என் வாத்து காலுக்கு வெறும் ஒட்டா? இது ஜென்மத்துக்கும் கிழியாது பாரு" என்றாள்.

ரப்பருக்குள்ளே நைலான் பட்டை ஒன்றை வைத்தாள். லாரியில் சரக்கை இறுக்குகிற பட்டை. மேலே புது ரப்பர். சுற்றிலும் இரண்டு வரிசைத் தையல். பார்க்க அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "இழுத்துப் பாருங்க" என்றாள். நான் இழுத்தேன். முதலாளி இழுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். இம்மியும் அசையவில்லை. நாங்கள் கைதட்டினோம். வாத்து அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நான், முதலாளி, வாத்து மூவரும் இந்த ஏரியிலேயே கிடந்தவர்கள். எங்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். தார்ப்பாய்க்கு ஒரே தர்மம், பிரியக் கூடாது. கால்பிடிக்கு இரண்டு. நிற்கும்போது பிடிக்க வேண்டும், விழும்போது விட வேண்டும். விழுகிற வேகத்தில் கட்டை ஒரு பக்கம் திரும்பும், கால் ஒரு பக்கம் போகும். அப்போது குதிகால் ரப்பர் இழுபட்டு, விரிந்து, காலை வெளியே நழுவ விட்டாக வேண்டும். நைலான் பட்டை விரியாது. அதற்காகத்தானே அதை லாரிக்குக் கட்டுகிறார்கள்.

மறுநாள் காலை, மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் வாத்து விழுந்தாள். அவள் விழுவது புதிதல்ல. விழுந்ததும் ஒரு கை மேலே வரும், நான் நலம் என்று அர்த்தம். அன்றைக்குக் கை வரவில்லை. படகைத் திருப்பிக்கொண்டு போனேன். இடதுகால் கட்டை தனியே மிதந்தது. வலது கட்டை காலோடு இருந்தது, கால் இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. படகுக்குள் தூக்கிப்போட்டுக் காலை உருவப் பார்த்தேன், அலறினாள். கத்தியை எடுத்து அந்தக் குதிகால் ரப்பரை அறுத்தேன். என் மனைவியின் தையல் கத்திக்கும் சுலபத்தில் மசியவில்லை.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது.

என் மனைவியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி மட்டும் ஏதோ ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, "அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுதானேம்மா" என்றார். அவள் தலையாட்டினாள். கட்டுப்போட்ட காலுக்குத் தலையணை வைப்பதும், முதுகில் சாய்மானம் கொடுப்பதும், குளிக்கக் கூட்டிப் போவதும் அவள்தான். வாத்து அவளைச் சிரிக்கவைக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். "அண்ணி, உங்க தையல் ஜெயிச்சிடுச்சு, என் எலும்புதான் தோத்துடுச்சு" என்றாள் ஒருநாள். என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். யாராவது திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. கால்பிடி தைப்பதை நிறுத்திவிட்டாள். படகு உறை மட்டும் தைத்தாள், அதையும் இழுத்துப் பார்க்கச் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்தார்கள். வாத்து முதலில் நொண்டினாள், பிறகு நடந்தாள், பிறகு எப்போதும்போல மேசையில் இடித்துக்கொண்டாள். ஓடலாம், குதிக்கலாம், ஏரிக்கும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் போகவில்லை. முதலில் காற்று அதிகம் என்றாள். பிறகு தலைவலி. பிறகு முதலாளியிடம் போய், மிதவைச் சட்டை எடுத்துக் கொடுக்கிற கவுண்டர் வேலையை ஏற்றுக்கொண்டாள். அந்தக் கவுண்டரின் ஜன்னல் ஏரியைப் பார்த்தது. எங்கள் வாத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பார்த்த அன்று படகில் தனியாக இருந்து அழுதேன். என் தங்கைக்குத் தெரிந்ததும் பிடித்ததும் அந்தத் தண்ணீர் ஒன்றுதான். அது போனால் அவள் யாராக இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவியும் அந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் மேசைக்கு அடியிலிருந்து, நான் அறுத்துப் போட்ட அந்தக் கால்பிடியை எடுத்தாள். தன் தையலைத் தானே பிரிக்க உட்கார்ந்தாள். இரண்டு வரிசையையும் பிரித்து முடிக்கக் காலைப் பொழுது முழுதும் ஆனது. நடுவில் ஊசி குத்தி, "எவ தைச்சது இதை, கட்டையில போறவ!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் பட்டையை உருவி வெளியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் கால்பிடி தைக்கலைங்க. விலங்கு தைச்சிருக்கேன்."

"டீ போடவா?" என்றேன்.

"போடுங்க. அந்தக் கொக்கித் தராசையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

சாமான் எடை பார்க்கிற கொக்கித் தராசு அது. கொட்டகையில் நல்ல நிலையில் இருந்த ஒவ்வொரு குதிகால் ரப்பரிலும் அதை மாட்டி இழுத்தாள். முள் எங்கே வரும்போது ரப்பர் எவ்வளவு விரிகிறது என்று பார்த்துப் பார்த்து, பிறகு தான் ஒட்டியவற்றையும் இழுத்தாள். இதுவரை எது பிரியாது என்று பார்த்த கை, இப்போது எது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார்த்தது. அதே கனமுள்ள ரப்பராகத் தேடி எடுத்தாள். துணியோ பட்டையோ இல்லை. கிழிசலின் வாலில் துளை, மெல்லிய பசை, விளிம்பில் மட்டும் வளைந்து வளைந்து போகிற தளர்ந்த ஒற்றைத் தையல், ரப்பர் விரிந்தால் நூலும் கூடவே விரிகிற மாதிரி. இரட்டைத்தையல் ஒற்றைத்தையல் போடுவதைப் பார்த்து எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

அதைச் சோதித்த இடம் எங்கள் வீட்டுக் குளியலறை. கட்டை நீளம், அறை குட்டை. கதவைத் திறந்துவைத்து, கட்டையின் மூக்கு கூடத்தில் நீட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் என்னை உட்காரவைத்தார்கள். வாத்து காலில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் இடதுகாலைத்தான் நுழைத்தாள். அதை நாங்கள் மூவருமே பார்த்தோம்.

"திருப்பு. பக்கவாட்டுல திருப்பி இழு" என்றாள் என் மனைவி.

ப்ளக் என்று ஒரு சத்தம். கால் வெளியே வந்தது. வாத்து ஸ்டூலோடு பின்னால் சாய்ந்து வாளிக்குள் உட்கார்ந்தாள்.

"கழண்டுடுச்சு அண்ணி!"

"சத்தம் போடாதே. இன்னொரு தடவை."

மறுபடி ப்ளக். மறுபடி கூச்சல். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம். நான் முட்டாள்தனமாக, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் துறையில் வாத்து மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டையை மடியில் வைத்து, ரப்பரை நனைத்தாள். வலதுகாலை எடுத்தாள். ரப்பர் பட்டதும் கால்விரல்கள் ஐந்தும் உள்ளே சுருண்டுகொண்டன. மறுபடி வைத்தாள், மறுபடி சுருண்டன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். பூனையை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

"உங்க வேலையை நம்பறேன் அண்ணி, சத்தியமா. கால்தான் கேட்க மாட்டேங்குது" என்றாள். கண்ணில் நீர் நின்றது. கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனாள், தன் நாற்காலிக்கு.

என் மனைவி அந்தக் கட்டையை எடுத்துக் கொட்டகைக் கயிற்றில் தொங்கவிட்டாள்.

மறுநாள் நான் படகில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கரையில் யாரோ மிதவைச் சட்டையைத் தலைகீழாக மாட்ட முயன்றுகொண்டிருந்தார்கள். புது ஆள் போலிருக்கிறது என்று உதவப் போனேன். என் மனைவி.

"என்ன பண்றே?"

"கொக்கி எங்க இருக்கு இதுல?"

"நீ என்ன பண்றேன்னு கேட்டேன்."

"விழப் போறேன். எப்படி விழணும்னு சொல்லுங்க."

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்களே, தெரியாதா உனக்கு? நீச்சல் தெரியாது, படகுல நிக்கத் தெரியாது. பைத்தியமா?"

"சட்டை மிதக்கும்னு தினம் ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்றீங்க? எனக்கு மட்டும் மூழ்கிடுமா?" என்றாள். "என் கால் வாத்து காலைவிட அகலம். அவளுக்கு இருக்கறதைவிட எனக்கு இறுக்கமா இருக்கும். என் கால் கழண்டா அவ கால் கட்டாயம் கழலும். குளியலறையில பார்த்ததெல்லாம் கணக்கு இல்லைங்க. அவ தண்ணியிலதான் விழுந்தா."

சத்தம் கேட்டு வாத்து வெளியே ஓடிவந்தாள். முதலாளியும் வந்தார். "அண்ணி, வேண்டாம். எனக்காக இதெல்லாம் வேண்டாம்" என்று அழுதாள்.

"உனக்காக யார் சொன்னது? என் தையலை நான் பார்க்க வேண்டாமா? புதுசா வர்றவங்களை இடுப்புத் தண்ணியில நின்னு பிடிச்சுக்குவியே, அது உன் வேலைதானே? வந்து பிடி. இல்லைன்னா நானே போய்க் குதிக்கறேன்."

சொன்னதோடு நிற்காமல் சரிவில் இறங்கத் தொடங்கினாள். கணுக்கால், முழங்கால். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் நின்றாள், கண்ணை மூடிக்கொண்டாள், இன்னொரு அடி வைத்தாள். அதற்கு மேல் வாத்தால் தாங்க முடியவில்லை. போட்டிருந்த உடையோடு ஓடி ஏரிக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் என் மனைவியின் பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். முதலாளி வாத்தின் கட்டைகளையும் சோப்புத் தண்ணீர்ப் புட்டியையும் நீட்ட, என் மனைவி தன் கால்களை நுழைத்துக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு என் தங்கை ஏரியில் கால் வைத்தது அப்போதுதான். தான் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்ததா, சந்தேகம்.

"முழங்காலை மார்போட மடிச்சுக்குங்க அண்ணி. கையை நீட்டுங்க. நீங்க எழுந்திருக்க வேண்டாம், படகே உங்களைத் தூக்கும். கயிறை உங்க பக்கம் இழுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பழைய ஆசிரியைக் குரல்.

நான் படகில் ஏறினேன். கயிறு விறைத்தது. வேகத்தைக் கூட்டினேன். பின்னால் வருகிறவரைப் பார்க்கப் படகில் மாட்டியிருக்கும் கண்ணாடியில் பார்த்தால், என் மனைவி தண்ணீரிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தாள்! குந்தியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை முழுதாகத் திறந்து கத்திக்கொண்டு. எழுந்தே விட்டாள். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, எல்லாப் புது ஆட்களும் செய்கிற தப்பைச் செய்தாள். கயிற்றை இழுத்தாள். கட்டைகள் விலகின, கால்கள் அகன்றன, வலது கட்டை குறுக்கே திரும்பியது. பக்கவாட்டில் ஒரு குத்து. தண்ணீர் சிதறியது. ஆளைக் காணவில்லை.

படகைத் திருப்பிய அந்த நேரத்தை நான் மறுபடி வாழ விரும்பவில்லை. திரும்பிப் பார்த்தபோது மிதவைச் சட்டை அவளை மேலே கொண்டுவந்திருந்தது. இருமினாள், துப்பினாள், தலைமுடியை ஒதுக்கத் தெரியாமல் தடவினாள். வாத்து அதற்குள் நீந்தி அவளை எட்டிவிட்டாள்.

"அண்ணி! அண்ணி, எங்கயாவது வலிக்குதா?"

என் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கழண்டுடுச்சா?"

கேட்டுவிட்டு, சட்டையில் மல்லாந்தபடி வலதுகாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள். வெறுங்கால். ஒரு கீறல்கூட இல்லாத, சோப்புத் தண்ணீரில் வெளுத்த, அகலமான வெறுங்கால். கட்டைகள் இரண்டும் தனித்தனியே மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"பிரிஞ்சிடுச்சு பாருங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். தான் தைத்தது ஒன்றும் பிரிந்ததில்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்னவள் ஏரியின் நடுவில் சிரிப்பும் அழுகையுமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் அவளைப் படகுக்குள் இழுத்து ஏற்றினேன். ஆடுகிற படகில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. துண்டைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தபோது வாத்து படகுக்கு அருகில் இல்லை. கட்டைகளைத் துரத்திக்கொண்டு போயிருந்தாள். வலது கட்டையைப் பிடித்துத் திருப்பி, குதிகால் ரப்பரைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தாள். ஒட்டு அப்படியே இருந்தது. காலை ஏற்றினாள். விரல்கள் சுருண்டனவா என்று தண்ணீருக்குள் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இடதுகால்.

"அண்ணா, கயிறைப் போடு" என்றாள்.

"மிதவைச் சட்டை?" என்றேன்.

என் மனைவி ஏற்கெனவே தன்னுடையதைக் கழற்றி வீசியிருந்தாள். வீசிய பிறகுதான் தான் இருக்கும் இடம் நினைவு வந்து, படகின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நான் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டேன். இந்தத் தடவை கொக்கியை அவளே கண்டுபிடித்தாள்.

வேகத்தைக் கூட்டினேன். வாத்து எழுந்தாள். முதலில் கால் கொஞ்சம் தயங்கியது, வலது பக்கம் சாயவே பயந்தாள். மிதவையை நெருங்கினோம், அவள் விழுந்த அதே இடம். நான் அகலமாகத் திரும்பினேன். அவள் வலது பக்கம் சாய்ந்தாள், தண்ணீர் விசிறியாக எழுந்தது, வெளியே வந்தாள். கோடு கோணவில்லை.

"விழுடி!" என்று என் மனைவி படகிலிருந்து கத்தினாள். "ஒரே ஒரு தடவை விழு! உன் காலுக்கும் கழலுதான்னு பார்க்கணும்!"

"மாட்டேன் போங்க அண்ணி!" என்று பதில் வந்தது.

"விழச் சொல்றேன்ல! ஏங்க, கொஞ்சம் ஆட்டி ஓட்டுங்க!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது என் நிலைமைதான். ஒருத்தி விழு என்கிறாள், ஒருத்தி மாட்டேன் என்கிறாள், இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக் கத்துகிறார்கள். நான் படகை நேராகவே ஓட்டினேன். பெட்ரோல் தீரும்வரை ஏரியைச் சுற்றினோம், அவள் விழவே இல்லை.